முந்துவதும் வேண்டுவதும்

ஜொகூர் மாநிலத்துப் பொந்தியான் மாவட்டத்தில், தன் பெயரிலேயே பழத்தைச் சூடிக்கொண்டு நிற்கும் ஊர் பெக்கான் நானாஸ். மலாய் மொழியில் 'பெக்கான்' சிறு நகரத்தையும் 'நானாஸ்' அன்னாசியையும் குறிக்கும். அவ்வூரைச் சூழ்ந்த நிலம் எளிதில் பணிந்து கொடுக்கும் நிலமன்று. இலையும் வேரும் வீழ்ந்த மரமும் பன்னூறு ஆண்டுகளாக நீரில் ஊறி மக்கிக் கறுத்த சதுப்பு மண் அது. புளிப்பு மிகுந்த அம்மண்ணைப் பயிர் பலவும் வெறுக்கும், அன்னாசி பொறுத்துக்கொள்ளும். ஆயினும் அன்னாசியும் வேர் அழுகும்படி நீரில் நிற்காது. ஆகவே கால்வாய் வெட்டி நீரை வடிப்பதே அங்கு முதல் வேலை. கன்று நடுவது அதற்குப் பின்னரே. வடிப்பதிலும் ஓர் அளவு உண்டு. நீர் முற்றும் வடிந்துவிட்டால் மண் உலர்ந்து சுருங்கித் தாழும்; தீப்பற்றினால் நிலத்தின் அடியிலேயே நாட்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும்.

நட்ட கன்றுகளை அவற்றின் போக்கில் விட்டுவிட்டால், ஒன்று இன்று பூக்கும். பக்கத்தில் நிற்பது அடுத்த திங்களில் பூக்கும். பழத்தை நறுக்கித் தகர டின்னில் அடைக்கும் ஆலைக்கு இப்போக்கு ஒவ்வாது. ஒருநாள் மலைபோற் குவிந்து மறுநாள் ஒன்றுமில்லாமற் போனால் ஆலை ஓடாது. அதனால் முன்னாளில் கார்பைடையும் பின்னாளில் எத்திஃபான் என்னும் மருந்தையும் நீரிற் கரைத்துக் குருத்தில் விட்டு, பகுதி பகுதியாகப் பூக்க வைக்கும் முறை அன்னாசித் தோட்டங்களில் வந்தது. மருந்திட்டபின் ஏறத்தாழ ஐந்து திங்களில் பழம் வெட்டுக்கு வரும்.

ஒரே வயலில் இரண்டு வகையான 'முன்' இருப்பதை ஈண்டுக் காணலாம். நீரை வடிக்காமல் நட இயலாது என்பது மண் விதித்த முறை. கிழக்குப் பகுதிக்கு முன் மேற்குப் பகுதி பூக்கவேண்டும் என்பது ஆலையின் வசதிக்காக மனிதர் வகுத்த முறை. செடிக்கு அதில் ஒரு தேவையும் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கோ இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இது முதலில், அது பிறகு, அவ்வளவே. ஒன்று மற்றொன்றுக்கு முன்னே நிகழ்கிறது என்பதனாலேயே அது அதற்கு வேண்டுவதாகிவிடுமா? முன் நிற்பவர் எல்லாம் இன்றியமையாதவரா? பின் நிற்பவர் காத்திருப்பதெல்லாம் அறந்தானா? தருக்க நூலார் பண்டே எழுப்பிய இவ்வினா, இந்நாளில் ஒவ்வொரு காலையும் பள்ளி அலுவலகத்து மேசையின்மேல் ஓசையின்றி எழுப்பப்பட்டு விடையும் பெறுகிறது. விசையை அழுத்தியவுடன் கணினி உயிர்பெறும் அந்த அரை நிமிடத்தில் நிகழ்வதை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

விசை அழுத்தப்பட்டதும் முதலில் விழிப்பது கணினியின் பலகையிலேயே பதிக்கப்பெற்ற ஒரு சிறு நிரல். அது நினைவகம் உண்டா, விசைப்பலகை உண்டா என்று உறுப்புகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வட்டில் உறங்கும் ஏற்றி நிரலை எழுப்பும். ஏற்றி நிரல், இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலை நினைவகத்தில் கொண்டுவந்து வைக்கும். கெர்னல் தன் வேலைகளை முடித்தபின், லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில், ஒரே ஒரு செயலைப் பெற்றெடுக்கிறது. அதற்கு எண் 1. அதன்பின் கணினியில் தோன்றும் பிற செயல்கள், கெர்னல் தனக்கென வைத்துக்கொள்ளும் உள்வேலைகள் நீங்கலாக, யாவும் அந்த ஒன்றின் வழிவந்தவையே. கடிகாரத்தைச் சரிசெய்வது, வலைத்தொடர்பை இணைப்பது, அச்சுப்பொறிக்குத் தாள் அனுப்புவது, மதிப்பெண் தரவுகளைக் காப்பது எனப் பின்னணியில் உழைக்கும் பணிகள் பல. அவற்றைச் சேவைகள் என்பர். எச்சேவை எப்போது எழவேண்டும், எது எதற்காகக் காத்திருக்கவேண்டும் என்று முடிவு செய்வது அந்த முதற்செயலின் கடமை.

அந்த முதற்செயலுக்கு வேறு இரண்டு இயல்புகளும் உண்டு. தந்தைச் செயல் முன்னரே மாண்டுவிட, ஆதரவற்று நிற்கும் செயல்கள் பொதுவாக அதனிடமே வந்து சேரும். அவற்றின் இறுதிக் கடனைத் தீர்ப்பதும் அதுவே. அது மட்டும் மாண்டால் கெர்னல் பதறி, கணினி முழுவதையும் நிறுத்திவிடும். ஒரு பெருங்குடும்பத்தின் மூத்தவரை நினைவூட்டும் இவ்வமைப்பைப் பொறியாளர் எவரும் ஒழுக்க நூல் படித்து உருவாக்கவில்லை. தேவை அவர்களை அங்குக் கொண்டுவந்து நிறுத்தியது.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது யூனிக்ஸ் இயங்குதளம். 1983இல் வெளிவந்த அதன் 'சிஸ்டம் ஃபைவ்' என்னும் வடிவத்தில், சேவைகளை எழுப்பும் முறை மிக எளியது. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு கட்டளைக் கோப்பு. கோப்பின் பெயரில் ஓர் எழுத்தும் இரண்டிலக்க எண்ணும் இருக்கும். பத்து என்று எண்ணிட்டது முதலில், இருபது அடுத்து, முப்பது அதன்பின் என்று வரிசையாக ஒன்று முடிந்தபின் ஒன்று ஓடும். படிப்பவருக்குப் புரியும், பழுது பார்ப்பவருக்கும் எளிது. பல்லாண்டுகள் உலகின் பெருங்கணினிகள் இம்முறையிலேயே விழித்தெழுந்தன. அதை இகழ்தல் நன்றி மறத்தலாகும்.

ஆனால் அந்த எண் ஒன்றை மட்டும் சொல்லாது. ஏன் என்பதே அது. இருபது என்னும் சேவை பத்து என்னும் சேவையின் துணையின்றி இயங்க முடியாததனால் பின்னே நிற்கிறதா? எண்ணிட்டவர் அன்று மாலை களைத்திருந்ததனால் அந்த எண்ணைப் பெற்றதா? கோப்பில் அதற்கு விடை இல்லை. எண்ணிட்டவர் ஓய்வுபெற்றுப் போனபின், அந்த எண்ணை மாற்றத் துணிபவர் இல்லை. காரணம் மறைந்து வரிசை மட்டும் நிலைத்துவிடுகிறது. பத்து ஏதோ ஒரு வலைப்பொறியைத் தேடித் தடுமாறி நின்றால், அதனோடு எவ்வுறவும் இல்லாத முப்பதும் நாற்பதும் கைகட்டிக் காத்து நிற்கும்.

மலேசியத் தமிழருக்கு இந்நிலை புதிதன்று. தோட்டப்புறத்தில் பொழுது விடியுமுன் பெரட்டு நடக்கும். இருட்டில் விளக்கோடு வந்து ஆணும் பெண்ணும் வரிசையில் நிற்பர். கிராணி பெயர் வாசிப்பார். தண்டல் நிரைகளைப் பிரித்துக் கொடுப்பார். ரப்பர் மரத்தின் பால் குளிர்ந்த வைகறையில் தாராளமாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். ஆகவே விடியலில் வெட்ட வேண்டும் என்பது மரம் விதித்த முறை. அதை எந்தத் துரையும் மாற்ற முடியாது. வெட்டியபின்னரே பால் சேர்க்க முடியும், சேர்த்தபின்னரே ஆலைக்கு அனுப்ப முடியும் என்பவையும் அத்தகையவை. வரிசையில் அசையாது நிற்றலும், யார் யாருக்கு முன் வணங்க வேண்டும் என்பதும் மரம் கேட்டவை அல்ல. அவை அதிகாரம் கேட்டவை. இரண்டும் ஒரே வைகறையில், ஒரே மணியோசையில் நடந்தமையால், அச்சூழலிலேயே பிறந்து வளர்ந்த குழந்தைக்கு இரண்டும் ஒரே விதியாகத் தெரிந்தன. இயற்கையின் முறையோடு ஒட்டிக்கொண்டு வரும் அதிகாரத்தின் முறையைப் பிரித்தறிவது எளிதன்று. தலைமுறைகள் சில அதற்குத் தேவைப்பட்டன.

பிரித்தறியும் கருவி நம் மெய்ந்நூல்களில் இல்லாமலில்லை. குடம் ஒன்று தோன்றுவதற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று சைவ சித்தாந்தம் பயிலும் மாணவன் தொடக்கத்திலேயே கற்கிறான். நியாய நூலார் இன்னும் ஒருபடி சென்றனர். குடத்துக்கு முன்னே இருந்தவை இம்மூன்று மட்டுமா? மண்ணைச் சுமந்து வந்த கழுதையும் முன்னே இருந்தது. குயவனைப் பெற்ற தந்தையும் முன்னே இருந்தார். அவர்களையும் குடத்தின் காரணம் எனலாமா? ஆகாது என்றனர். கழுதை இன்றேல் வண்டியில் மண் வரும். குடத்துக்கு வேண்டுவது மண்ணே. முன்னிற்றல் காரணமாதற்குப் போதாது. அது இன்றி இது அமையாது என்னும் உறவு வேண்டும். கழுதையைக் காரணங்களின் பட்டியலிலிருந்து விலக்கிய அந்த நுட்பம், எண்ணிட்ட கோப்புகளை நம்பிய பொறியாளர் உலகுக்குக் கிட்டப் பல்லாண்டுகள் ஆயின.

2005இல் சன் நிறுவனத்தின் சோலாரிஸ் 10 சேவைகளுக்கிடையே உள்ள சார்பை வெளிப்படையாக எழுதி வைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆப்பிள் தன் மேக் கணினிகளில் 'லாஞ்ச்டி' என்பதைப் புகுத்தியது. 2006இல் உபுண்டு என்னும் லினக்ஸ் தொகுப்பில் 'அப்ஸ்டார்ட்' வந்தது. 2010இல் லெனார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் என்னும் இருவர் 'சிஸ்டம்டி' என்பதை அறிவித்தனர். 2011இல் ஃபெடோரா அதனை முதலில் ஏற்றுக்கொண்டது. இன்று பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் எண் 1 என்பது அதுவே.

சிஸ்டம்டியின் சேவைக் குறிப்பில் 'பின்னர்' என்று ஒரு சொல்லும், 'தேவை' என்று வேறொரு சொல்லும் தனித்தனியே உண்டு. ஆங்கிலத்தில் 'ஆஃப்டர்', 'ரிக்வயர்ஸ்' என எழுதுவர். ஒன்று மற்றொன்றுக்குப் பின்னர் எழவேண்டும் என்று மட்டும் எழுதலாம். அப்போது முன்னது தோற்றாலும் பின்னது எழும். ஒன்று மற்றொன்றுக்குத் தேவை என்று மட்டும் எழுதலாம். அப்போது இரண்டும் ஒரே நேரத்தில் எழ முயலும். மாணவர் மதிப்பெண்களைத் திரையில் காட்டும் சேவைக்கு மதிப்பெண் தரவகம் தேவை; அது ஆயத்தமான பின்னரே எழுவதும் வேண்டும். அங்கே இரண்டு சொற்களையும் எழுதவேண்டும். எழுதுகின்றவர் ஒவ்வொரு முறையும் நின்று தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாகிறது: இஃது அதற்கு முந்துவதா, வேண்டுவதா? கழுதையும் மண்ணும் வேறு வேறு வரியில் நிற்கின்றன.

மூன்றாவது சொல் ஒன்றும் உண்டு. 'வாண்ட்ஸ்', அதாவது 'விரும்பத்தக்கது'. இதுவும் உடன் எழுந்தால் நன்று. எழாவிடினும் வேலை நடக்கட்டும் என்பது அதன் பொருள். திருமண மண்டபத்தில் நாதசுரக்காரர் போக்குவரத்து நெரிசலில் சிக்கிக்கொண்டார் என்பதற்காக முகூர்த்தத்தைத் தள்ளிவைப்பார் உளரோ? ஒலிப்பதிவை இசைக்கவிட்டுத் தாலியைக் கட்டுவர். நாதசுரம் விரும்பத்தக்கது, மணமக்கள் தேவை. சேவைகளை எழுதுகின்றவர் பலர் இதனை மறந்து, தமக்குத் தோன்றியவற்றையெல்லாம் தேவை என்றே எழுதிவிடுவர். கண்டிப்பே பாதுகாப்பு என்பது அவர்களின் எண்ணம். விளைவோ எதிரானது. ஓர் அற்பச் சேவை தோற்றால் அதைத் தேவை என்று பற்றியிருந்த யாவும் எழாமற் கிடக்கும். ஆதலின் இயன்றவிடத்தெல்லாம் தேவை என்பதைவிட விரும்பத்தக்கது என்று எழுதுவதே உறுதியான அமைப்பைத் தரும் என்று அதன் கையேடே அறிவுறுத்துகிறது. பொறியியல் கையேட்டில் இப்படி ஓர் அறிவுரை இருப்பது வியப்புக்குரியது. சங்கங்களிலும் கோயிற் குழுக்களிலும் 'இவர் வந்தால்தான் கூட்டம்' என்று பழக்கிக்கொண்டவர்கள் இதைப் படித்தல் நலம்.

சார்ந்து நிற்பவருக்குக் கடமை இருப்பது போலச் சாரப்படுபவருக்கும் உண்டு. தான் ஆயத்தம் என்று மெய்யாகச் சொல்லுதல் அது. சேவை ஒன்று எழுந்தது என்பதை எப்படி அறிவது? சிஸ்டம்டியில் எளிய வகைச் சேவை, தொடங்கப்பட்ட கணமே எழுந்ததாகக் கொள்ளப்படும். அது உண்மையில் வேலைக்கு ஆயத்தமா என்பதை எவரும் கேட்பதில்லை. வேறு வகைச் சேவை, தன் தரவுகளைத் திறந்து, தன் வாயிலையும் திறந்து வைத்தபின் 'ஆயத்தம்' என்று தானே முதற்செயலுக்குச் செய்தி விடுக்கும். அதுவரை அதன் பின்னே நிற்பவை காத்திருக்கும். வகுப்பறைக்குள் நுழைந்துவிட்ட ஆசிரியர் பாடத்துக்கு ஆயத்தமானவர் என்று கொள்வதற்கும், அவர் பாடத்தைத் தொடங்கியபின் கொள்வதற்கும் உள்ள வேறுபாடு இது. வலைத்தொடர்பைப் பற்றிய குழப்பம் கணினி காப்பாளர் பலரை வருத்தியது. வலைத்தொடர்பைக் கவனிக்கும் சேவை எழுந்தது என்பது ஒன்று. வெளியுலகோடு தொடர்பு கிடைத்தது என்பது வேறொன்று. முன்னதை நம்பி எழுந்த சேவைகள், தொடர்பு கிடைக்காமல் கவிழ்ந்தன. இரண்டுக்கும் வேறு வேறு பெயரிட்டுப் பிரித்த பின்னும் அக்குழப்பம் முற்றும் தீர்ந்தபாடில்லை.

பொய்யாக 'ஆயத்தம்' என்பவரால் வரும் கேடு ஒருபுறம். ஒருபோதும் 'ஆயத்தம்' என்று சொல்லாதவரால் வரும் கேடு மறுபுறம். எவ்வளவு நேரம் காத்திருப்பது? வேறு ஏற்பாடு இல்லையெனில் சிஸ்டம்டி பொதுவாக 90 வினாடி காத்திருக்கும். பின்னர் அச்சேவை தோற்றதாகக் குறித்துவிட்டு மேலே செல்லும். வீழ்ந்த சேவையை மீண்டும் எழுப்பலாம். ஆனால் 10 வினாடிக்குள் 5 முறைக்குமேல் எழுப்ப முயலாது. வீழ்ந்தவரைத் தூக்கிவிடுவதற்கு அளவு வைப்பது கல்நெஞ்சம் என்று தோன்றலாம். விழுந்து விழுந்து எழும் ஒன்றையே தூக்கிக்கொண்டிருந்தால் மற்றவற்றுக்கு வேண்டிய ஆற்றல் கரையும். இவ்வளவு முறை, இவ்வளவு நேரம் என்னும் எண்கள் இயற்கையில் எழுதப்பட்டவை அல்ல. எவரோ முடிவு செய்தவை. அதனால்தான் அவற்றை மாற்றும் வழியும் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது.

காத்திருத்தலையே இல்லாமற் செய்யும் வழி ஒன்றும் உண்டு. இவ்வமைப்புகளில் மிக நுட்பமானது அதுவே. சேவை எழுமுன்னரே அதன் வாயிலை முதற்செயல் திறந்து வைத்துவிடுகிறது. அதை நாடி வருபவை செய்தியைப் போட்டுவிட்டுத் தம் வேலையைத் தொடரலாம். செய்தி அங்கே சேர்ந்து கிடக்கும். சேவை எழுந்தபின் வரிசையாக எடுத்துக்கொள்ளும். கடிதம் எழுதுபவன் அஞ்சல்காரர் வரும்வரை தெருவில் நிற்பதில்லை. பெட்டியில் இட்டுவிட்டுப் போகிறான். ஆள் வேண்டும் என்று எண்ணிக் காத்திருந்த இடங்கள் பலவற்றில், வேண்டியிருந்தது முகவரி மட்டுமே என்பது இதனால் விளங்கியது. லாஞ்ச்டி காட்டிய இவ்வழியைச் சிஸ்டம்டி விரிவாக எடுத்தாண்டது.

இவ்வளவு நன்மை இருந்தும் அதற்கு எழுந்த எதிர்ப்புச் சிறிதன்று. டெபியன் என்னும் தன்னார்வலர் குழாம், எதனை எண் 1 ஆக ஏற்பது என்று நீண்ட காலம் வாதிட்டது. 2014 பிப்ரவரியில் அதன் தொழில்நுட்பக் குழுவில் வாக்குகள் சமமாகப் பிரிந்தன. தலைவரின் வாக்கே சிஸ்டம்டியின் பக்கம் முடிவைச் சாய்த்தது. மனம் ஒப்பாதவர் சிலர் பிரிந்து 'டெவுவான்' என்னும் தனித் தொகுப்பைத் தொடங்கினர். அவர்களின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. எல்லாரும் சார்ந்து நிற்கும் ஒன்று சிறிதாக இருக்கவேண்டும். அது மாண்டால் யாவும் மாளும் எனின், அதன் தோள்மேல் வேலைகளை அடுக்குவது அறமாகாது என்றனர். எழுப்புவது மட்டும் உன் கடமை. குறிப்பேடு எழுதுவதும் பிறவும் உனக்கு எதற்கு என்று கேட்டனர். மறுதரப்பார், அவ்வேலைகளிற் பெரும்பாலானவை எண் 1இல் அல்லாது தனிச் செயல்களிலேயே நடக்கின்றன என்றும், உறவுகளை அறிந்த ஒருவரே ஒழுங்கு செய்ய முடியும் என்றும் விடையிறுத்தனர். இரு தரப்பிலும் உண்மை உண்டு. ஊர்த்தலைவர் ஒருவரே பள்ளி வாரியத்துக்கும் கோயிலுக்கும் கூட்டுறவுக் கடைக்கும் தலைவராய் இருந்த இடங்களில், அவர் திறமையால் ஊர் வாழ்ந்ததும் உண்டு. அவர் மறைவோடு எல்லாம் ஒருங்கே சாய்ந்ததும் உண்டு. அப்ஸ்டார்ட் தோற்றது என்றாலும் மறைந்துவிடவில்லை. கூகுள் நிறுவனத்தின் குரோம்புக் கணினிகளின் இயங்குதளத்துக்கு அதுவே எண் 1 ஆயிற்று. 2013 முதல் மலேசியப் பள்ளிகளுக்கு வழங்கப்பட்ட குரோம்புக்குகளைத் திறந்த மாணவர்கள், தம்மை அறியாமலே அதன் கைவண்ணத்தைக் கண்டவர்களாவர்.

எழுவதற்கு முறை இருப்பதுபோல அடங்குவதற்கும் உண்டு. கணினியை நிறுத்தும்போது எழுந்த வரிசை தலைகீழாகும். கடைசியில் எழுந்தது முதலில் அடங்கும். மணிமேகலையின் இறுதிக் காதையில் அறவண அடிகள் உரைக்கும் பன்னிரு சார்புகளை அறிந்தவர்க்கு இது வேறொரு வகையில் நினைவுக்கு வரும். பேதைமை சார்ந்து செய்கை, செய்கை சார்ந்து உணர்வு என்று ஒன்றைப் பற்றி ஒன்று தோன்றும். பற்றிய ஒன்று மீள அடுத்ததும் மீளும். ஆயினும் அங்கே அறுக்கவேண்டியது முதற்கண்ணி. கணினியிலோ முதலானது கடைசிவரை நிற்கவேண்டும்.

எஞ்சியிருப்பது கடினமான வினா. 'பைத்தியம் தெளிந்தால் கல்யாணம். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்' என்று ஊரார் சொல்வதுண்டு. சேவை ஒன்று இரண்டாவதற்குப் பின் என்றும், இரண்டாவது மூன்றாவதற்குப் பின் என்றும், மூன்றாவது முதலதற்குப் பின் என்றும் எழுதப்பட்டால் எது எழும்? எதுவும் எழாது. ஒவ்வொன்றும் தன்னளவில் நியாயமாகவே காத்திருக்கும். பொய் சொன்னவர் இல்லை, சோம்பியவர் இல்லை, பகைத்தவர் இல்லை. ஆயினும் வேலை நடவாது. சார்புகள் பலவற்றை ஒரே வரிசையில் அடுக்கும் முறையை ஆர்தர் கான் என்பவர் 1962இல் எழுதினார். எவரையும் சாராத ஒன்றைத் தேடி எடு, அதை வரிசையில் வை, அதைச் சார்ந்தவற்றின் கட்டை அவிழ், மீண்டும் தேடு. தேடும்போது சாராதது ஒன்றுகூட இல்லை எனின், அங்கே வட்டம் இருக்கிறது என்பது உறுதி. வட்டத்துக்குள் எவ்வளவு நேரம் பொறுத்தாலும் பயனில்லை. பொறுமை அங்கே அறமாகாது.

சிஸ்டம்டி அத்தகைய வட்டத்தைக் கண்டால், அதிலுள்ள பணிகளில் தேவை என்று எவரும் பற்றியிராத ஒன்றைத் தேடி நீக்கிவிட்டு, மற்றவற்றை எழுப்பும். இன்ன வட்டம் கண்டேன், அதை உடைக்க இன்ன பணியை நீக்கினேன் என்று குறிப்பேட்டில் பெயரோடு எழுதியும் வைக்கும். எல்லாமே தேவை என்று எழுதப்பட்டிருப்பின் உடைக்க இடமிராது. வேண்டுகோள் முழுவதையும் தள்ளிவிடும்.

இவ்வட்டம் கணினிக்குள் மட்டும் இல்லை. இந்நாட்டுத் தமிழர் அதை ஏடுகளில் கண்டவர்கள். 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், குடியுரிமை பெறாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. பல்லாண்டு பால்மரம் வெட்டியவர்களும் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றனர், பலர் கப்பலேறினர். தங்கியவர்களின் வழித்தோன்றல்களிலும் ஆவணமற்றோர் இருந்தனர். பிள்ளையின் பிறப்பைப் பதியப் பெற்றோரின் அடையாள அட்டை வேண்டும்; பெற்றோரின் அட்டைக்கு அவர்களின் பிறப்புப் பத்திரம் வேண்டும்; அப்பத்திரமோ தோட்டத்து லயத்தில் பிறந்த அன்றே எழுதப்படாமற் போயிற்று. திருமணத்தைப் பதிய அட்டை வேண்டும். திருமணம் பதியப்படாத பெற்றோரின் பிள்ளை தாயின் நிலையையே அடையும். தாய்க்கு ஆவணம் இல்லையெனில் பிள்ளைக்கும் இல்லை. முகப்பில் அமர்ந்திருக்கும் ஒவ்வோர் அலுவலரும் தம் விதிப்படி நியாயமானதையே கேட்கிறார். 2011இல் 'மைடாஃப்தார்' என்னும் பதிவு இயக்கத்தை அரசு நடத்தவேண்டி வந்ததே, அந்த வட்டத்துக்குள் நின்றவர் சிலர் அல்லர் என்பதைக் காட்டும். ஏடில்லாமல் நிற்பது எளிய துன்பமன்று. அன்னாசியால் பெயர்பெற்ற பெக்கான் நானாசிலேயே குடிநுழைவுத் துறையின் தடுப்பு முகாம் ஒன்றும் உண்டு. செல்லத்தக்க ஆவணமின்றிப் பிடிபட்ட அயல்நாட்டார் தம் நாட்டுத் தூதரகம் தரும் தாளுக்காக அங்கே காத்திருக்கின்றனர்.

ஆவணத்துக்குப் பின்னரே பள்ளி என்பது மண் விதித்த முறையா, ஆலை வகுத்த முறையா? எழுத்தறிவதற்கு ஒரு பிள்ளைக்கு வேண்டுவன ஆசிரியரும் பலகையும் பசியாறிய வயிறும் ஆம். பிறப்புப் பத்திரம், பள்ளிப் பதிவேட்டை ஒழுங்காக வைக்க விரும்பத்தக்கது. நெடுங்காலம் அது தேவை என்னும் வரியில் எழுதப்பட்டிருந்தமையால், ஏழு வயதில் பெயர் கூப்பிடப்படாமல் வீட்டிலேயே நின்ற பிள்ளைகள் இருந்தனர். அவர்களுள் சிலர் எழுதப் படிக்கத் தெரியாதவராகவே வளர்ந்தமையால், தம் விண்ணப்பத்தைத் தாமே நிரப்பவும் இயலாதவர் ஆயினர். 2019ஆம் ஆண்டுப் பள்ளித் தொடக்கத்தை ஒட்டிக் கல்வி அமைச்சு அவ்வரியைத் திருத்தியது. பெற்றோரில் ஒருவரேனும் மலேசியராயின், ஆவணம் நிறைவுபெறாத பிள்ளையும் வகுப்பில் அமரலாம். தாள்களைப் பெற்றோர் பின்னர் முயன்று பெற்றுக் கொடுக்கலாம் என்று நடைமுறை எளிதாக்கப்பட்டது. பள்ளிக் கட்டடத்தில் ஒரு கல்லும் மாறவில்லை; பாடநூலில் ஒரு பக்கமும் மாறவில்லை. பதிவு அலுவலகத்தில் கோப்பு நகர்ந்துகொண்டிருக்க, பிள்ளை அகரம் எழுதத் தொடங்கியது. இரு பெற்றோரும் குடியுரிமை அற்றவராயிருந்த பிள்ளைகள் அத்திருத்தத்துக்குள் அடங்கவில்லை.